சதை ஈ: சொல் விளக்கம்

தடயவியல் கட்டுரைகளில் 'ஃபிளெஷ் ஃபிளை' என்று வருவதைத் தமிழில் சதை ஈ என்றே சொல்லலாம். சார்கோஃபேஜிடே குடும்பத்து ஈ இது. கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்றால் சதை, 'ஃபாகெய்ன்' என்றால் தின்பது. கல் சவப்பெட்டியைக் குறிக்கும் 'சார்கோஃபகஸ்' என்ற சொல்லும் இந்த வேரிலிருந்து வந்ததுதான். பண்டைய கிரேக்க நகரமான அஸ்ஸோஸின் சுண்ணாம்புக்கல்லில் செய்த பெட்டி பிணத்தைச் சீக்கிரம் அரித்துவிடும் என்று அக்காலத்தில் நம்பியதால் அந்தப் பெயர். ஈக்கு 'சார்கோஃபேகா' என்ற பேரினப் பெயரை 1826-இல் வைத்தவர் ஜெர்மன் பூச்சியியலாளர் மைகன்.

ஊனுண்ணி என்ற சொல் இருப்பதால் ஊன் ஈ என்பதும் பொருந்தும். பிண ஈ என்று எழுதுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வளர்ந்த ஈ பூந்தேன் குடிக்கும். சாணத்தில் வளரும் இனங்களும், வெட்டுக்கிளிக்குள் ஒட்டுண்ணியாக வளரும் இனங்களும் இதே குடும்பத்தில் உண்டு.

சாம்பல் நிற மார்பில் மூன்று கறுப்புக் கோடுகள், வயிற்றில் சதுரங்கக் கட்டம்போல் புள்ளிகள்: இதுதான் அடையாளம். ஆனால் இனம் பிரிப்பது கடினம். ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும், அல்லது டிஎன்ஏ சோதனை செய்ய வேண்டும்.

தடயவியலுக்கு இது ஏன் முக்கியம்? பிணத்துக்கு வரும் நீல ஈக்கள் பொதுவாக முட்டையிடும். பொரிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். சதை ஈயோ முட்டையை வயிற்றுக்குள்ளேயே பொரித்து, உயிருள்ள புழுவாகவே சதையில் விடும். அதனால் இறந்து எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்கிடும்போது முட்டைப் பருவத்தைச் சேர்க்கக் கூடாது. எந்த ஈயின் புழு என்று தெரியாமல் கணக்குப் போட்டால் ஒரு நாள் பிசகிவிடும். ஒரு நாள் பிசகினால் சந்தேகம் வேறொருவர்மேல் போய்விடலாம். அதோடு, புழு சொல்வது குறைந்தபட்ச நேரத்தை மட்டுமே. ஈ தாமதமாகவும் வந்திருக்கலாம்.

1850-இல் பிரான்சின் ஆர்புவா ஊரில், ஒரு வீட்டின் புகைபோக்கியைப் பழுதுபார்த்தபோது உலர்ந்துபோன சிசுவின் உடல் கிடைத்தது. மருத்துவர் பெர்ஜரே அதிலிருந்த சதை ஈயின் கூட்டுப்புழு ஓடுகளையும் அந்துப்பூச்சிகளையும் ஆராய்ந்து, உடல் 1848-இலேயே அங்கே வைக்கப்பட்டது என்றார். உடல் கிடைத்தபோது அங்கே குடியிருந்தவர்கள்மேல் இருந்த சந்தேகம், அவர்களுக்கு முன்பு குடியிருந்தவர்கள்மேல் திரும்பியது. ஈ வளர ஓர் ஆண்டு ஆகும் என்பது அவருடைய கணக்கு. வெயில் காலத்தில் சில வாரங்களே போதும் என்பதால் அது தவறு. இப்போது அந்த இடத்தின் வெப்பநிலை தெரியாமல் எந்த நிபுணரும் கணக்கைத் தொடங்குவதில்லை.