அம்மாவோட மாத்திரைக் காசு யாரோட பங்கு?

ஈரோட்டுல வக்கீலா இருக்கேன், ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்கும் போறவன். போன வருஷம் சென்னிமலைப் பக்கம் இருந்து ஒரு அம்மா வந்தாங்க, 70 வயசுக்கு மேல இருக்கும், மஞ்சப்பைக்குள்ள வேதாகமம், அதுக்குள்ள நாலா மடிச்ச செட்டில்மென்ட் பத்திரத்தோட ஜெராக்ஸ். வீட்டையும் தறிக் குடோனையும் ஒரே பையனுக்கு எழுதிக் குடுத்துட்டு, இப்ப ஒரு லைன் வீட்ல தனியா இருக்காங்க, சுகர் மாத்திரைக்குக்கூட அவன்கிட்ட போயி நிக்கணும். "ஏனுங் தம்பி, கேஸு கீஸெல்லாம் வேண்டாமுங், ஊருக்குள்ள அவம்பேரு கெட்டுப்போயிருமுங்"னு முந்தானைல கண்ணத் தொடச்சாங்க. பையன் தசமபாகத்த, அதாவது சம்பாத்தியத்துல பத்துல ஒரு பங்க சர்ச்சுக்குக் குடுக்கறத, ஒரு மாசம்கூட விட்டதில்லைன்னு பெருமையாவேற சொன்னாங்க.

எனக்கு அங்கதான் மனசு ஆறல. மாற்கு 7ஆம் அதிகாரத்துல இயேசு கண்டிச்சது அப்படியே இதத்தானே? பெத்தவங்களுக்குச் செய்ய வேண்டியத 'கொர்பான்', அதாவது காணிக்கைன்னு சொல்லிட்டா கடமை தீந்துச்சுன்னு அன்னிக்குச் சொல்லிக் குடுத்தாங்க, அத தேவவசனத்த அவமாக்கறதுன்னே அவர் சொல்லிட்டார். அம்மாவுக்குச் சேர வேண்டியத எடுத்துட்டுப் போயி காணிக்கைப் பையில போடறத கர்த்தர் கேக்கவே இல்லைங்க. யாத்திராகமம் 20:12ல 'உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக'ன்னு இருக்கு பாருங்க, எபிரெய மூலத்துலயும் அந்தச் சொல்லு பாரம், எடைங்கற வேர்ல இருந்துதான் வருது, அம்மாவ லேசா எடுத்துக்காதேன்னு அர்த்தம். சிலுவைல தொங்கறப்பகூட அவர் தன் தாய சீஷன் யோவான் கையில ஒப்படைச்சுட்டுத்தான் போனார்.

கீழ்ப்படியறதுன்னா கல்யாணமான பையன் அம்மா சொல்றதுக்கெல்லாம் தலையாட்டணும்னு இல்ல, பொண்டாட்டிய வீட்ட விட்டுத் துரத்துன்னா கேக்க வேண்டியதில்ல, பெத்தவங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்ற எபேசியர் 6:1லயே 'கர்த்தருக்குள்'னு ஒரு வார்த்தை இருக்கு. ஆனா கனத்துக்கு அப்படி எல்லை ஏதும் கெடையாது.

அம்மாக்களுக்கும் ஒண்ணு சொல்றேன், எழுதிக் குடுக்கறப்பவே 'சாகற வரைக்கும் சாப்பாடு, தங்கறது, வைத்தியம் பாக்கணும்'னு பத்திரத்துல தெளிவா ஒரு நிபந்தனை போடச் சொல்லுங்க. 2007ஆம் வருஷத்து பெற்றோர் பராமரிப்புச் சட்டத்துல 23ஆவது பிரிவு இருக்கு, பாக்காம விட்டா பத்திரத்தையே ரத்து பண்ணக் கேக்கலாம், அந்த ஒரு வரி இல்லாமத்தான் எத்தனையோ பேர் அலையறாங்க. மனு போடறது ஆர்டிஓ ஆபீஸ்ல, லைசென்ஸ் குடுக்கறது இல்லைங்க, வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ், நம்மூர்ல மாசம் 10,000 ரூவா வரைக்கும் ஜீவனாம்சம் போடலாம். பெத்த புள்ள மேல மனு குடுக்கறது பாவம்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன்னு பவுலே எழுதியிருக்காருங்க, கேக்கறதுல பாவம் என்ன இருக்கு.

அந்த அம்மா ரெண்டு மாசம் யோசிச்சு, ஜெபம் பண்ணிட்டுத்தான் கைநாட்டு வெச்சாங்க. பத்திரத்துல நிபந்தனை இல்லாததால ஜீவனாம்சம் மட்டும் கேட்டோம், உத்தரவும் ஆச்சு. போன வாரம் பாத்தப்ப கேட்டேன். "பணம் மாசாமாசம் பேங்க்ல ஏறுதுங் தம்பி, அவந்தான் இந்தப் பக்கம் எட்டிக்கூட பாக்கறதில்லீங்"னாங்க.