இன்சென்டிவ்: ஊக்கத்தொகையா, தூண்டுகோலா?

பன்னாட்டு நிறுவனங்கள் சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் தொழில் நடத்த அரசுகள் 'இன்சென்டிவ்' தருவதாகச் செய்திகளில் படிக்கிறோம். தமிழில் இது பெரும்பாலும் 'ஊக்கத்தொகை' ஆகிவிடுகிறது. படித்ததும் அரசு கஜானாவைத் திறந்து காசு அள்ளிக் கொடுப்பதுபோல் தோன்றும். அது பாதிதான் சரி.

சொல்லின் பிறப்பில் காசே கிடையாது, பாட்டுதான் உண்டு. லத்தீனில் 'கனெரே' என்றால் பாடுதல். அதன் வழிவந்த 'இன்சென்டிவுஸ்', பாட்டை எடுத்துக் கொடுப்பதைக் குறித்தது. ஒருவர் முதலடியைத் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள் அல்லவா, அந்தத் தொடக்கம். அப்புறம் தீ மூட்டுதலைக் குறிக்கும் இன்னொரு லத்தீன் சொல்லின் சாயலும் ஒட்டிக்கொள்ள, 'தூண்டுவது' என்ற பொருள் நிலைத்தது. சம்பளத்தோடு இது சேர்ந்தது ரொம்பப் பிந்தித்தான்: 1940-களில், அமெரிக்காவின் போர்க்கால ஆலைகளில், கூடுதல் உற்பத்திக்குத் தந்த கூடுதல் கூலியைச் சொல்ல.

இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரியைப் பாருங்கள். வெளிநாட்டு எஃகு அங்கே இறங்கினால், அதை உருக்கியபோது வெளியான கார்பனுக்கு இறக்குமதியாளர் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். 2023 அக்டோபரில் கணக்குக் காட்டுவதோடு தொடங்கி, 2026 ஜனவரியில் முழுதாக நடைமுறைக்கு வந்தது. உற்பத்தியான நாட்டிலேயே கார்பனுக்கு விலை கொடுத்திருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். உலை புகையைக் குறைத்தால் செலவு குறையும். இதில் அரசு ஒரு காசும் தரவில்லை, ஆனாலும் இது இன்சென்டிவ்தான். பிரான்ஸின் 2017 சட்டமும் அப்படியே. அது பெரிய நிறுவனங்களைத் தங்கள் துணை நிறுவனங்களும் சப்ளையர்களும் செய்யும் கேடுகளைக் கண்காணிக்க வைக்கிறது. இவற்றையெல்லாம் ஊக்கத்தொகை என்றால் சிரிப்பார்கள்.

என் ஓட்டு 'தூண்டுகோல்' என்பதற்கு. விளக்குத் திரியைத் தள்ளிவிடும் சின்னக் குச்சிதான் தூண்டுகோல். எண்ணெய் விளக்கிலேயே இருக்கிறது. கோல் திரியை மட்டும் நகர்த்துகிறது. பன்னாட்டு நிறுவனங்களிடம் எண்ணெய்க்கா பஞ்சம்! இன்னொரு வசதி, சுடரைத் தணிக்கத் திரியை உள்ளே இழுப்பதும் அதே கோல்தான். ஆங்கிலம் இதற்கு 'டிஸ்இன்சென்டிவ்' என்று தனிச்சொல் வைத்திருக்கிறது. அரசு உண்மையிலேயே பணம் கொடுத்தால் ஊக்கத்தொகை என்றே எழுதலாம், வரியைக் குறைத்தால் வரிச்சலுகை.

நினைத்ததற்கு நேர்மாறான விளைவைத் தூண்டிவிடும் 'பெர்வெர்ஸ் இன்சென்டிவ்' என்பதை விபரீதத் தூண்டுகோல் எனலாம். குளிர்பதன வாயு தயாரிக்கும்போது எச்எஃப்சி-23 என்ற வாயு கழிவாக வரும். அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது. அதை அழித்தால், புவி வெப்பமாவதைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் கார்பன் கிரெடிட் கிடைத்தது, அதாவது விற்றுக் காசாக்கக்கூடிய, உமிழ்வைக் குறைத்ததற்கான சான்று. கிரெடிட்டில் வந்த லாபம் அதிகமானதால், சில ஆலைகள் அழிப்பதற்கென்றே கூடுதலாக உற்பத்தி செய்கின்றன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் கிரெடிட்டுகளை ஏற்பதையே நிறுத்திவிட்டது.