முன்கலவை வேண்டாம், உட்கோவை போதும்

"அடுக்குகளைத் தேர்ந்தெடுத்து முன்கலவை செய்யவும்." அசையும் எழுத்தும் படமும் செய்ய உதவும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளைக் கற்றுத்தரும் ஒரு தமிழ்க் கையேட்டில் இந்த வரி நாலைந்து முறை வருகிறது. நாம் வாயால் 'பிரீகாம்ப் பண்ணு' என்று சொல்வதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். எழுத்து, படம் என்று ஒவ்வொன்றும் ஒரு லேயர்; லேயர்களை அடுக்கி வைக்கும் இடம் கம்போசிஷன்; சில லேயர்களை எடுத்து உள்ளே தனிக் கம்போசிஷனாக்குவது பிரீகாம்ப். கம்போசிஷன் அதில் 'கலவை'. அதற்குள் இன்னொன்று இருந்தால் 'கூடுகட்டிய கலவை'.

இந்தச் சொல் செய்கிற கெடுதலை நேரில் பார்த்திருக்கிறேன். என்னிடம் வேலை பழக வந்த ஒரு தம்பி, செய்தித் துண்டுக்கான பெயர்ப்பட்டை ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். பெயர், பதவி, பின்னால் ஒரு பட்டை, மேலே ஒரு கோடு, ஓரத்தில் சின்னம், அவற்றின் நிழல்கள் என்று டைம்லைனில் 40 லேயர். "இதையெல்லாம் பிரீகாம்ப் பண்ணிடேன்" என்றேன். "கலந்துட்டா அப்புறம் பேரை மாத்த முடியாதேண்ணா" என்றான். அவன் படித்தது அந்தக் கையேட்டைத்தான். சிமெண்டும் மணலும் கலந்தபின் பிரியுமா? கலவை என்று படித்தவன் அப்படித்தான் புரிந்துகொள்வான்.

லேயருக்கு அடுக்கு என்ற சொல்லில் எனக்குக் குறையில்லை. மூன்றடுக்கு டிபன் கேரியரில் எது மேலே, எது கீழே என்று நமக்குத் தெரியும். மேலே இருக்கும் லேயர் முன்னால் தெரியும் என்பதும் அதில் வந்துவிடுகிறது. சிலர் எழுதும் 'படலம்' ஓசோனுக்கும் கண்புரைக்கும் சரி. எண்ணி, எடுத்து, மாற்றி வைக்கிற பொருளுக்குப் பொருந்தாது.

கம்போசிஷன் லத்தீனிலிருந்து வந்தது. மூலப்பொருள் 'சேர்த்து வைத்தல்'. கலத்தல் என்ற கருத்தே அதில் இல்லை. 1993-இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வெளிவந்த நாளிலிருந்து அதன் வேலையும் அதுதான்: பொருள்களை அடுக்கி, காலத்தோடு கோத்து வைப்பது. உள்ளே இருப்பது எதுவும் கரைவதில்லை. பிரீகாம்பை இரண்டு முறை தட்டினால் எல்லா லேயரும் வைத்தபடியே இருக்கும். ஒரே பிரீகாம்பைப் பத்து இடத்தில் போட்டிருந்தால், உள்ளே ஒரு எழுத்தைத் திருத்தினால் போதும், பத்து இடத்திலும் திருந்தும். எந்தக் கலவை இப்படி நடந்துகொள்ளும்?

அதைவிடப் பெரிய சிக்கல், அதே மென்பொருளில் உண்மையான கலப்பு ஒன்று இருப்பது. பிளெண்டிங் மோடில்தான் மேல் லேயரின் நிறம் கீழ் லேயரின் நிறத்தோடு கலக்கிறது. அதற்குத்தான் 'கலப்பு முறை' பொருந்தும். இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல்லைக் கொடுத்தால் படிக்கிறவன் எங்கே போவான்? திரைப்படத்தில் ஒலிக்கலவை என்கிறோம், அங்கே ஒலிகள் நிஜமாகவே கலக்கின்றன. 'தொகுப்பு' என்று எழுதலாமே என்பார்கள். எடிட்டிங்குக்குப் படத்தொகுப்பு என்று டைட்டில் கார்டில் போட்டுப் பழகிவிட்டோம். அதைக் கலைக்க வேண்டாம்.

கம்போசிஷனுக்கு நான் சொல்வது கோவை. கோ என்ற அடியிலிருந்து வருவது. ஃபைலுக்கு எழுதுகிறோமே 'கோப்பு', அதற்கும் அதே அடிதான். கோத்த மணி மணியாகவே இருக்கும், வரிசையும் மாறாது. அகப்பொருள் கோவையில் 400 பாட்டும் தனித்தனியே நின்று ஒரு வரிசையில் கதையைக் கொண்டுபோகின்றன. பீனல் கோடை இலங்கையில் தண்டனைச் சட்டக்கோவை என்கிறார்கள்.

கோவை என்றால் கோயம்புத்தூர் ஆயிற்றே என்று கேட்பவர்களுக்குப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தைக் காட்டுவேன். இயற்கணிதக் கோவையைப் படித்த எந்தப் பிள்ளையும் ஊர் என்று குழம்பியதில்லை. நான் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அந்தக் கணக்குதான் முக்கியக் காரணம். 2+3×4 என்றால் 14. (2+3)×4 என்றால் 20. அடைப்புக்குறிக்குள் இருப்பது முதலில் முடிகிறது. பிரீகாம்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு லேயரில் முதலில் மாஸ்க் (எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்ற வரம்பு), பிறகு எஃபெக்ட், அப்புறம்தான் சுழற்சியும் அளவும். அதனால் சுழலும் சின்னத்துக்கு டிராப் ஷேடோ எஃபெக்ட் போட்டால் நிழலும் கூடவே சுற்றும். சுழற்சியை உள்ளே வைத்துப் பிரீகாம்ப் செய்து, வெளியே நிழலைப் போடுங்கள். நிழல் ஒரே பக்கம் விழும்.

பிரீகாம்பில் இருக்கிற 'பிரீ' இந்த முந்தி முடிவதைத்தான் சொல்கிறது. ஆனால் தமிழில் 'முன்' என்று போட்டால் பழையது, போனது என்றும் படும். வேலை செய்கிறவனுக்குத் தெரிய வேண்டியது அது எங்கே இருக்கிறது என்பது. உள்ளே இருக்கிறது. ஆகவே உட்கோவை. செய்வதற்கு 'உட்கோவையாக்கு'. கூடுகட்டும் வேலையெல்லாம் தேவையில்லை. அகராதியைத் திறக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் மென்பொருளையும் ஒருமுறை திறந்து, பிரீகாம்ப் செய்யும் கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் அழுத்திப் பார்த்திருந்தால் கலவை என்று எழுதக் கை வந்திருக்காது.

பேச்சில் காம்ப், பிரீகாம்ப் என்றே சொல்லுங்கள், நானும் அப்படித்தான் சொல்கிறேன். கையேடு எழுதும்போதுதான் இந்தக் கவனம் வேண்டும். அந்தத் தம்பிக்கு அன்று அடைப்புக்குறிக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். 40 லேயரும் நாலு உட்கோவையாகின. மறுநாள் பெயரில் ஒரு ஒற்றுப்பிழை என்று சொல்லி அனுப்பினார்கள். அவனே உள்ளே போய்த் திருத்திவிட்டு வந்தான்.