பெட்டிக்குள் தளும்பும் நீரும் டர்பன் கடலலையும்

தென்னாப்பிரிக்காவில் ஆண்டுதோறும் நடைபெறும் எஸ்கோம் இளம் அறிவியலாளர் கண்காட்சிக்கு அலைகளைப் பற்றி ஏதாவது செய்ய விரும்பும், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிப் பிள்ளைகளுக்கு, நீலச் சாயம் கலந்த நீரைக் கண்ணாடித் தொட்டியில் ஆட்டிக் காட்டலாம் என்ற எண்ணமே முதலில் தோன்றக்கூடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் கேள்வி எதுவும் இல்லை. நீரின் ஆழம் கூடினால் அலையின் வேகம் எவ்வளவு கூடும் என்று கேட்டால், அதை வீட்டிலேயே அளந்து விடை காணலாம்.

இதற்குச் செங்குத்தான பக்கங்களும் 40 செ.மீ. உள்நீளமும் கொண்ட பிளாஸ்டிக் பெட்டி, அளவுகோல், கைப்பேசியில் உள்ள நேரங்காட்டி ஆகியவை போதும். பெட்டியில் 1 செ.மீ. ஆழத்துக்கு நீர் ஊற்றி, ஒரு முனையைச் சில மில்லிமீட்டர் மட்டும் உயர்த்தி மெல்ல இறக்கினால், நீர் ஒரு முனையில் ஏறி, மறுமுனைக்குச் சென்று, திரும்பி வரும். ஒரு சுற்றை மட்டும் அளந்தால் விரல் அழுத்தும் தாமதமே பெரும் பிழையாகிவிடும் என்பதால், பத்துச் சுற்றுகளுக்கான மொத்த நேரத்தை அளந்து பத்தால் வகுக்க வேண்டும். ஆழம் குறைவாக இருந்து அலை விரைவில் அடங்கினால் ஐந்து சுற்றுகள் போதும்.

ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம், ஈர்ப்பு முடுக்கத்தையும் (மீட்டர், வினாடி அலகில் 9.8) ஆழத்தையும் பெருக்கி வரும் தொகையின் வர்க்கமூலத்துக்குச் சமம். அதன்படி 1 செ.மீ. ஆழத்தில் வேகம் வினாடிக்கு 31 செ.மீ.; போய்வரும் தொலைவு 80 செ.மீ. என்பதால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.6 வினாடி ஆகும். ஆழம் 4 செ.மீ. ஆனால் வேகம் இரட்டித்து, நேரம் 1.3 வினாடியாகக் குறையும். மூடிய கலத்தில் நீர் தளும்பும் நேரத்துக்கான இந்தக் கணக்கைச் சுவிட்சர்லாந்து அறிஞர் மெரியன் 1828இல் வெளியிட்டார்.

ஆழம் ஏன் வேகத்தைக் கூட்டுகிறது? அலை நகர்கையில் நீர் அதனுடன் பயணம் செய்வதில்லை. சற்றே முன்னும் பின்னும் அசைகிறது, அவ்வளவுதான். ஓரிடத்தில் முகடு எழ வேண்டுமானால் பக்கத்து நீர் அங்கே வந்து சேர வேண்டும். நீர்மட்டத்தின் சரிவு உண்டாக்கும் அழுத்த வேறுபாடு மேலிருந்து அடிவரை உள்ள நீர் முழுவதையும் ஒரே அளவில் தள்ளுவதால், ஆழமான நீரில் அதே அசைவு அதிக நீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. முகடு விரைவில் எழுந்து விரைவில் நகர்கிறது. இதில் நீரின் அடர்த்திக்கு இடமில்லை, ஏனெனில் கனமான நீரைத் தள்ளும் அழுத்தமும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. உப்பு கரைத்த நீரிலும் அதே ஆழத்தில் அதே நேரம்தான் வரும் என்று காட்டுவது நல்ல துணைச் சோதனை. மாற்றம் இல்லை என்பதும் ஒரு முடிவுதான்.

ஆழத்தை 10 செ.மீ.க்கு உயர்த்தும்போது ஒரு சிக்கல் எழும். சூத்திரம் 0.81 வினாடி என்று சொல்ல, அளவீடு 0.88ஐ ஒட்டி வரும். சோதனை கெட்டுவிட்டதென்று எண்ணி இந்த எண்ணை அழித்துவிடக் கூடாது; என் கருத்தில் இந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே. மேற்கண்ட சூத்திரம், ஆழம் அலைநீளத்தில் (அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையிலான தொலைவில்) இருபதில் ஒரு பங்குக்கு மிகாதபோதுதான் நன்கு பொருந்தும். இங்கே அலைநீளம் பெட்டியின் நீளத்தைப் போல் இரு மடங்கு, அதாவது 80 செ.மீ.; எனவே எல்லை 4 செ.மீ. அதற்கு மேல் போகப் போக அடிநீரின் அசைவு குறைகிறது. அலைநீளத்தில் பாதிக்கு மேல் ஆழம் இருந்தால் அடித்தளம் இருப்பதே அலைக்குத் தெரியாது. விரல் நுனியால் எழுப்பும் சிற்றலைகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, 1.7 செ.மீ.க்கும் குறைந்த அலைநீளத்தில் ஈர்ப்பைவிட, நீரின் மேற்பரப்பை இறுக்கிப் பிடிக்கும் பரப்பு இழுவிசையே ஓங்கி நிற்கும்.

டர்பன் கரையிலும் அதன் தெற்கே உள்ள இசிப்பிங்கோவிலும் இதே விதிதான் செயல்படுகிறது. தென்கடலின் புயல்களில் பிறந்து 12 வினாடி அலைவு நேரத்துடன் (ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான நேரம்) வரும் அலை, ஆழ்கடலில் ஏறத்தாழ 225 மீட்டர் நீளத்துடன் மணிக்கு 67 கி.மீ. வேகத்தில் நகரும். ஆழம் 5 மீட்டராகக் குறையும் இடத்தில் வேகம் மணிக்கு 25 கி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். அலைவு நேரம் மாறாததால் முகடுகள் நெருங்குகின்றன, ஆற்றல் குறுகிய இடத்தில் திரள்கிறது, அலை உயர்ந்து உடைகிறது. சாய்வாக வரும் முகட்டில் கரையை ஒட்டிய பகுதி முதலில் வேகம் குறைவதால்தான், தெற்கிலிருந்து வரும் அலையும் திரும்பிக் கரைக்கு ஏறத்தாழ இணையாக வந்து சேர்கிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலை தென்னாப்பிரிக்கக் கரையிலுள்ள கடல்மட்ட அளவிகளிலும் பதிவானது. அதன் அலைநீளம் நூற்றுக்கணக்கான கி.மீ. என்பதால் 4,000 மீட்டர் ஆழக் கடலும் அதற்கு ஆழமற்ற நீரே. அதே சூத்திரத்தில் இட்டால் மணிக்கு ஏறத்தாழ 710 கி.மீ. வேகம் கிடைக்கும்.

வரைபடத்தில் ஆழத்தைக் கிடையாகவும் வேகத்தின் வர்க்கத்தைச் செங்குத்தாகவும் குறித்தால் தொடக்கத்தில் நேர்கோடு கிடைக்கும். மீட்டர் அலகில் அதன் சரிவு 9.8க்கு அருகில் வர வேண்டும். கோடு 4 செ.மீ.க்குப் பிறகு வளைவதற்குத் தரப்பட்ட விளக்கம் சரியா என்று நடுவர் கேட்கக்கூடும் என்பதால், 60 செ.மீ. நீளமுள்ள மற்றொரு பெட்டியிலும் அளந்து வைத்துக்கொள்வது நல்லது. அதில் வளைவு 6 செ.மீ.க்கு அருகில் தொடங்க வேண்டும்.