ஸ்ட்ரெஸ்: அசையழுத்தம்

ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் அசைகளுள் ஒன்றை மட்டும் சற்று நீட்டி, உரக்க, சுருதி ஏற்றி ஒலிப்பதே உச்சரிப்புப் பாடத்தில் வரும் ‘ஸ்ட்ரெஸ்’. இறுக்கிக் கட்டுதல் என்ற பொருளுள்ள ‘ஸ்ட்ரிங்கரெ’ என்னும் லத்தீன் வினையில் கிளைத்து, பிரெஞ்சு வழியாக வந்த சொல் இது. துன்பம், நெருக்கடி என்பவை பழைய பொருள்கள். ஒலிக்கு ஆனது பிறகுதான். தமிழில் ஒரே சொல்லால் ஒப்பேற்ற முடியாது. மனத்துக்கு மன அழுத்தம், பொறியியலில் தகைவு, ஒலிப்பில் அசையழுத்தம். வெறும் ‘அழுத்தம்’ என்றால் பிரஷரும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இங்கே அசை என்பது சிலபிள். யாப்பின் அசை அன்று. ‘பலா’ யாப்பில் ஒரே நிரையசை, சிலபிள் கணக்கிலோ இரண்டு. உயிரொலி ஒன்றுக்கு ஓர் அசை என எண்ணுங்கள்.

களியக்காவிளையிலும் எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையிலும் பலகையில் எழுத்துதான் வேறு, சொல் ஒன்றே: ஹோட்டல். ஆங்கிலத்தில் ‘ஹொ’ லேசு, ‘டெல்’ பலம். நம்மிடம் தலைகீழ். ‘ஹோடல்’ என்று எழுதினால் டகரம் மெலிந்து ஒலிக்கும் என்பதால் ‘ட்ட’ என இரட்டிக்கிறோம். இரட்டித்ததும் கனம் முன்னசைக்குப் போகிறது, பின்னசையின் எகரம் அகரமாகத் தேய்கிறது. ‘டெவலப்’பிலும் பலமாக ஒலிக்கவேண்டிய ‘வெ’ இப்படித்தான் ‘வ’ ஆயிற்று.

அழுத்தம் இடம் மாறினால் சொல்லின் வகையே மாறுவதும் உண்டு. செக்போஸ்டில் லாரிக்காரர் நீட்டும் ‘பெர்மிட்’ பெயர்ச்சொல்; அழுத்தம் முதல் அசையில். அனுமதி கொடு என்னும் வினையானால் இரண்டாவதில். எக்ஸ்போர்ட், ரெக்கார்ட் இரண்டும் அப்படியே. ஆனால் ரிப்போர்ட் பெயரானாலும் வினையானாலும் இரண்டாம் அசைதான். ஆகவே இதை விதியாக்கிக்கொள்ளாமல் அகராதியைப் பாருங்கள். அங்கே அழுத்த அசைக்கு முன்னால், மேலே ஒரு சிறு நிமிர்கோடு இருக்கும். ‘இக்’, ‘ஷன்’ என முடிபவற்றில் அழுத்தம் பெரும்பாலும் அவற்றுக்கு முந்தைய அசையில் விழும், பாலிடிக்ஸ் விதிவிலக்கு.

பலரும் தவறுவது அழுத்துவதில் அல்ல, மற்ற அசைகளைத் தளர்த்தாமல் விடுவதில். ‘அழுத்தந்திருத்தமாகப் பேசுகிறான்’ என்பது தமிழில் பாராட்டு. எல்லா அசைக்கும் அதே கனம் கொடுத்தால் ஆங்கிலக் காதுக்குச் சொல் பிடிபடாமல் போகலாம். ஆங்கிலத்தில் தளர்ந்த அசையில் வரும் உயிரொலி நமக்குப் புதிதல்ல: ‘வீடு’, ‘காடு’ இவற்றின் கடைசி உகரத்தை இதழ் குவிக்காமல் குறுக்குகிறோமே, ஏறக்குறைய அந்தக் குற்றியலுகரம்தான். மலையாளத்தில் அதைச் ‘சம்விருதோகாரம்’ என்பார்கள். எல்லைப்புறத்தாருக்கு இரு மொழியிலும் நாக்குப் பழகிய ஒலி.

பழக ‘பனானா’ நல்ல சொல். முதலில் நடு ‘னா’வை மட்டும் நீட்டிச் சொல்லுங்கள். பிறகு பின்னால் ஒரு தளர்ந்த ‘ன’. கடைசியாக முன்னால் தளர்ந்த ‘ப’. மூன்றும் சேர்ந்தபின் இறுதி மீண்டும் ‘னா’ என நீண்டால், நடு அசைக்குத் திரும்புங்கள்.