காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்

மாரி மழை தொடங்கினால் திருகோணமலையில் வெளிநோயாளர் பிரிவுகளில் காய்ச்சல்காரரின் வரிசை நீளும். ஒருவரோடு கதைக்கச் சில நிமிடங்கள்தான். அதற்குள் சரியான மருந்தை எழுதிவிடலாம். ஆனால் அவர் வீட்டுக்குப் போய் அதை எப்படிப் போடுவார் என்பது நாங்கள் என்ன சொல்லி அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது.

டெங்குவையே பாருங்கள். 2017இன் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருடம் நாடு முழுவதும் ஒரு லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு பதிவானது. இருந்தும் "காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை" என்ற பேச்சு இன்னும் போகவில்லை. டெங்குவின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் வெளியே கசியும் 24 முதல் 48 மணித்தியாலம் அது. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, தலைசுற்று, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், எங்காவது இரத்தம் கசிதல் என்று ஏதாவது ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். இதெல்லாம் மருந்துச் சிட்டையில் இருக்காது, வாயால்தான் சொல்ல வேண்டும்.

பனடோலும் பரசிட்டமோலும் ஒரே மருந்து என்று தெரியாத வீடுகள் நிறைய. ஆஸ்பத்திரியில் கொடுத்த பரசிட்டமோலைப் போட்டுவிட்டு, காய்ச்சல் குறையவில்லை என்று கடையில் வாங்கிய பனடோலையும் போடுவார்கள். வளர்ந்த ஒருவர் 500 மில்லிகிராம் குளிசையை 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போடக்கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் அளவு இன்னும் குறையும், பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்துத்தான். டெங்கு இல்லையென்று தெரியும்வரை இபுபுரோபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் எதையும் காய்ச்சலுக்கோ உடம்பு நோவுக்கோ தொடவேண்டாம். இரத்தக்கசிவை அவை மோசமாக்கும். இதயத்துக்கென்று தினமும் அஸ்பிரின் போடுகிறவர் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

"கெதியா மாற ஒரு ஊசி போடுங்கோ" என்று கேட்பவர்கள் உண்டு. வைரஸ் காய்ச்சலுக்கு அன்ரிபயோட்டிக் வேலை செய்யாது. கேட்டதற்காக எழுதிக்கொடுப்பது சுலபம், வரிசையும் வேகமாக நகரும். ஏன் தரவில்லை என்று விளக்கத்தான் நேரம் வேண்டும். அந்த நேரத்தையும் சிகிச்சைக் கணக்கில்தான் நான் சேர்ப்பேன்.

"விளங்கினதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வைத்தியருக்கு முன்னால் இல்லையென்று சொல்ல யாருக்கு மனம் வரும்? நான் கேட்பது வேறு: "அம்மா, வீட்ட போனதும் மகள் கேட்டா என்ன சொல்லுவீங்கள்?" அவர் சொல்லும்போது எங்கே பிசகியது என்று தெரிந்துவிடும். வைத்தியர் சிங்களத்திலும் நோயாளி தமிழிலும் கதைக்கும் இடத்தில் இது இன்னும் அவசியம். அங்கே பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாமல், தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கூப்பிடுவதே நல்லது. மாதவிடாயையும் சிறுநீர்ப் பிரச்சினையையும் பத்து வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும்?

நோன்பு மாதத்தில் வேறொரு மௌனம். டொக்டர் ஏசுவார் என்ற பயத்தில், சீனி வருத்தம் உள்ள உம்மாமார் பலர் நோன்பு பிடிப்பதையே சொல்வதில்லை. கிளிக்கிளசைட் போன்ற குளிசையைக் காலையில் வழமைபோலப் போட்டுவிட்டுப் பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஏசாமல் "இந்த முறை நோன்பு பிடிக்கிறீங்களா?" என்று நாங்களே முதலில் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். குளிசையின் அளவையும் நேரத்தையும் சஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் ஏற்ப மாற்றலாம். இன்சுலின் போடுகிறவர்களும் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் நோன்பு பிடிக்கலாமா என்பதையே முதலில் கதைக்கவேண்டும். இரத்தத்தில் சீனி 70 mg/dLக்குக் கீழே போனால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதையும் அப்போதே பேசிவைக்க வேண்டும். ஆகவே நோன்பு தொடங்க ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போதே, பாமசியில் தனியாக வாங்கியவை உட்பட வீட்டிலிருக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள்.