ஃபில் சீரீஸ்: தொடர்வரிசை நிரப்பல்

வ.எண் என்று தலைப்பிட்ட நெடுவரிசையில் 1, 2, 3 என்று 300 வரைக்கும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருப்பவர்களை இன்றும் அலுவலகங்களில் பார்க்கலாம். அந்த வேலையை ஒரே இழுப்பில் முடிக்கும் வசதிக்கு எக்செலில் ஆட்டோஃபில் என்று பெயர், மெனுவில் ஃபில் சீரீஸ். பக்கத்து இருக்கைக்காரர் சொல்லிக்கொடுக்கும்போது இந்தப் பெயர் எதுவும் வராது. "1, 2 போட்டு இழுத்து விடுங்க" என்பார், அவ்வளவுதான்.

செய்முறையும் அதேதான். இரண்டு கலங்களில் 1, 2 என்று போட்டு, இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் கீழே வலது மூலையில் சின்னதாக ஒரு சதுரம் தெரியும், அதுதான் நிரப்புப் பிடி. அதைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மிச்சம் நிரம்பும்: 5, 10 என்று கொடுத்தால் 15, 20. ஒரே கலத்தில் 1 மட்டும் போட்டு இழுத்தால் எக்செல் அதையே நகலெடுக்கும், கண்ட்ரோல் விசையையும் அழுத்தினால்தான் 2, 3 என்று போகும். எக்செலைப் போன்ற இன்னொரு விரிதாள் மென்பொருளான லிப்ரெஆபிஸ் கால்க்கில் இது நேர் எதிர். பக்கத்து நெடுவரிசையில் பெயர்கள் ஏற்கெனவே இருந்தால், எக்செலில் இழுக்கவே வேண்டாம், பிடிமேல் இருமுறை சொடுக்கினால் பெயர்கள் முடியும் இடம் வரை எண்கள் இறங்கிவிடும்.

சரி, சொல்லுக்கு வருவோம். சீரீஸ் லத்தீன் சொல், கோத்தல், இணைத்தல் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. சீரியல் நம்பருக்கும் டிவி சீரியலுக்கும் அதே வேர்தான். டிவி சீரியலைத் தொடர் என்கிறோம், அந்தப் பழக்கத்தில் இதையும் 'தொடர் நிரப்பு' என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் நம் பள்ளிக் கணக்குப் புத்தகம் இதில் தெளிவாக இருக்கிறது: 1, 4, 7, 10 என்று நிற்பது தொடர்வரிசை, அவற்றைக் கூட்டி 1+4+7+10 என்று எழுதினால்தான் தொடர். இங்கே எதையும் கூட்டுவதில்லை, எண்களை வரிசையாக வைக்கிறோம், அதனால் தொடர்வரிசை நிரப்பல் என்பதே சரி. பிற்பாடு எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் வந்த, இதே வேலையைச் செய்யும் சார்புக்கு (ஃபங்ஷன்) ஆங்கிலத்திலேயே சீக்வென்ஸ் என்றுதான் பெயர் வைத்தார்கள்.

இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்து உட்காரும். ஃபில் சீரீஸ் பெட்டியில் உள்ள லீனியர், கூட்டுத் தொடர்வரிசை. குரோத், பெருக்குத் தொடர்வரிசை. ஸ்டெப் வேல்யூ, அதாவது படி மதிப்பு, முன்னதற்குப் பொது வித்தியாசம், பின்னதற்குப் பொது விகிதம். 2இல் தொடங்கிப் படி மதிப்பும் 2 என்று கொடுத்தால் முதலாவது 2, 4, 6, 8 என்று போகும், இரண்டாவது 2, 4, 8, 16 என்று ஏறும். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஆட்டோ என்பதற்குத் 'தானியங்கி' போடுவது எனக்கு உடன்பாடில்லை. யாராவது இழுத்தால்தானே நிரம்புகிறது? தவிர, இணைய உலாவி நம் பெயரையும் முகவரியையும் படிவத்தில் தானே போடுகிறதே, அதற்கும் ஆட்டோஃபில் என்றுதான் பெயர். அதைத் தானாக நிரப்புதல் என்று விட்டுவிடலாம், இரண்டும் குழம்பாது. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருளில் இந்த வேலைக்கு டேட்டா ஃபில் என்றே கட்டளை இருந்தது. தொடக்கம், படி, முடிவு மூன்றையும் கேட்கும், பெயரில் ஆட்டோ கிடையாது.

அப்புறம், இழுத்து நிரப்பிய எண்கள் வெறும் எண்கள்தான். நடுவில் ஒரு வரியை நீக்கினால் 7க்கு அடுத்து 9 நிற்கும், மறுபடி இழுக்க வேண்டும். அடிக்கடி வரிகள் மாறும் பட்டியல் என்றால் வரியின் எண்ணைத் தரும் ரோ என்ற சார்பைப் போட்டு, தலைப்பு வரிக்காக 1 கழித்துவிடுங்கள், நீக்கினாலும் எண்கள் தாமே சரியாகிக்கொள்ளும்.